வாடகை உதவி பெறும் குடும்பங்களின் பொருளாதாரத் தற்சார்பு: அமெரிக்கத் திட்டங்களும் அவற்றை மதிப்பிடும் முறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

அரசின் வாடகை உதவியுடன் வாழும் குடும்பங்கள் தம் உழைப்பு வருமானத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்னும் நோக்கில் அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவானது குடும்பத் தற்சார்புத் திட்டம். இத்திட்டத்தை நிறைவுசெய்தோரின் வருமானம் கணிசமாக உயர்ந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. சமவாய்ப்பு ஒதுக்கீட்டு முறையில் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வோ சராசரி வருமானத்தில் திட்டத்தின் விளைவு எதுவும் தென்படவில்லை என்கிறது. முரண்போலத் தோன்றும் இவ்விரு முடிவுகளும் யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரோடு ஒப்பிடுவது என்னும் வினாக்களுக்கு ஆய்வுகள் தந்த வெவ்வேறு விடைகளிலிருந்து பிறந்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திட்டத்தை நிறைவுசெய்யாமல் வெளியேறியோர் இழந்த சேமிப்பு மதிப்பீடுகளில் எவ்வாறு மறைந்துபோகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாடகை உதவி, பொருளாதாரத் தற்சார்பு, திட்ட மதிப்பீடு, சமவாய்ப்பு ஒதுக்கீடு, எஸ்க்ரோ கணக்கு, தேர்வுச் சாய்வு

முன்னுரை

அமெரிக்காவில் வாடகை உதவி என்பது தகுதியுடையோர் அனைவருக்கும் கிடைக்கும் உரிமை அன்று. தகுதியுடைய குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. ஏனையோர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் நிற்கின்றனர். உதவி பெறும் குடும்பம் செலுத்தவேண்டிய வாடகை அதன் வருமானத்தைப் பொறுத்தது. 1969ஆம் ஆண்டின் புரூக் திருத்தம் பொதுக் குடியிருப்பு வாடகையைக் குடும்ப வருமானத்தின் 25 விழுக்காட்டுக்கு மிகாமல் வரையறுத்தது. 1981இல் இவ்வளவு 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தனியார் வீடுகளில் குடியிருப்போருக்கு வழங்கப்படும் வவுச்சர் முறையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

ஏழைக் குடும்பத்தின் வாடகைச் சுமைக்கு வரம்பிட்ட இவ்விதி வேறொரு சிக்கலைத் தோற்றுவித்தது. குடும்பம் கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு டாலரிலும் 30 சென்ட் வாடகை உயர்வாகக் கழிந்துவிடுகிறது. உணவு உதவியும் பிற நல உதவிகளும் அதே வேளையில் குறைவதால், உழைப்பின் பயனில் குடும்பத்தின் கைக்கு எஞ்சுவது சிறிதளவே. இத்தடை ஏட்டளவிலானதா, உண்மையில் செயற்படுவதா என்பதை ஜேக்கப், லுட்விக் ஆகியோரின் ஆய்வு (2012) சோதித்தது. 1997இல் சிகாகோ நகரில் வவுச்சருக்கு விண்ணப்பித்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தனர். அவ்வரிசையைப் பயன்படுத்தி அவர்கள் கண்ட முடிவின்படி, வவுச்சர் பெற்றதனால் வேலையில் இருப்போரின் பங்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டுப் புள்ளிகளும், உழைப்பு வருமானம் ஏறத்தாழ 10 விழுக்காடும் குறைந்தன. இவ்விளைவு பேரளவினதன்று; எனினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. தற்சார்புத் திட்டங்கள் இத்தடையை ஈடுசெய்ய எழுந்தவை.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. இத்திட்டங்களின் பெயரிலுள்ள சொல்லைத் ‘தன்னிறைவு’ என்றும் ‘தற்சார்பு’ என்றும் தமிழில் வழங்கலாம். தன்னிறைவு என்பது தேவைகள் யாவும் நிறைந்த நிலையைச் சுட்டும். சட்டம் வேண்டுவது அதனினும் குறுகியது: குடும்பத்தில் ஒருவர் வேலையில் இருத்தலும், குடும்பத்தில் எவரும் ரொக்க நல உதவி பெறாதிருத்தலும் போதும்; வாடகை உதவியைத் துறக்கவேண்டும் என்பதுகூட நிபந்தனையன்று. ஆகவே இக்கட்டுரை தற்சார்பு என்னும் சொல்லையே கையாள்கிறது.

குடும்பத் தற்சார்புத் திட்டத்தின் அமைப்பு

1984இலும் 1989இலும் தொடங்கிய இரு முன்னோடி முயற்சிகளுக்குப் பின், 1990ஆம் ஆண்டின் கிரான்ஸ்டன்–கொன்சாலெஸ் தேசிய வீட்டுவசதிச் சட்டம் இத்திட்டத்தை நிறுவியது. 1993ஆம் நிதியாண்டு முதல் 1998 வரை கூடுதல் வவுச்சர்களைப் பெற்ற உள்ளூர் வீட்டுவசதி முகமைகள் இதனைக் கட்டாயமாக நடத்தவேண்டியிருந்தது. குடும்பங்கள் சேர்வதோ அவற்றின் விருப்பம். சேரும் குடும்பம் முகமையுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. தேவையாயின் இரண்டாண்டுகள் நீட்டிக்கலாம். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் குடும்பத்தின் இலக்குகளை வகுக்க உதவி, பயிற்சி, குழந்தைப் பராமரிப்பு, கடன் ஆலோசனை முதலியவற்றுக்கு வழிகாட்டுகிறார். அவர் பெரும்பாலும் வழிகாட்டுபவரே. அச்சேவைகளை வழங்க அவரிடம் தனி நிதி இல்லை.

திட்டத்தின் உயிர்நாடி எஸ்க்ரோ கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒப்பந்தத்தின்போது மாதம் 800 டாலர் கணக்கிடத்தக்க வருமானமுள்ள ஒரு குடும்பம் 240 டாலர் வாடகை செலுத்துகிறது எனக் கொள்வோம். வேலை கிடைத்து வருமானம் 1,600 டாலராக உயர்ந்தால் வாடகை 480 டாலராகும். இவ்வுயர்வைக் குடும்பம் செலுத்தியே ஆகவேண்டும். ஆனால் உயர்ந்த 240 டாலருக்கு ஈடான தொகையை முகமை ஒவ்வொரு மாதமும் அக்குடும்பத்தின் பெயரிலுள்ள எஸ்க்ரோ கணக்கில் வரவு வைக்கும். இந்நிலை இரண்டாண்டுகள் நீடித்தால் 5,760 டாலர் சேரும். ஒப்பந்தம் நிறைவேறும்போது அத்தொகை வரியின்றிக் குடும்பத்தின் கைக்கு வரும். அதனை எவ்வாறு செலவிடுவது என்பதும் குடும்பத்தின் உரிமை.

இவ்வமைப்பில் இரு நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வரவு கணக்கிடப்படுவது ஒப்பந்த நாளின் வருமானத்திலிருந்து. ஒப்பந்தத்துக்கு முந்தைய மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு வரவு ஏதும் பிறவாது. பிந்தைய மாதத்தில் சேர்ந்தவருக்கு ஐந்தாண்டுகளும் வரவு பிறக்கும். இருவரின் உழைப்பும் ஒன்றே. இரண்டாவது, பணம் உடனே கைக்கு வருவதில்லை. இடைக்கால எடுப்புக்கு முகமை இசைவு தரலாம் எனினும், நிறைவு செய்யாதோர் சேர்ந்த தொகை முழுவதையும் இழந்தனர். வாடகை உயர்வு இன்றைய வலி. எஸ்க்ரோ ஐந்தாண்டுக்குப் பின்வரும் பயன்.

நிறைவுசெய்தோரின் கணக்கு

திட்டத்தின் முதல் பெரிய மதிப்பீடு 2004இல் வெளிவந்தது. 1996–2000 காலத்து நிருவாகப் பதிவுகளை ஆராய்ந்த அது, திட்டத்தில் இருந்தோரின் இடைநிலை வருமானம் 72 விழுக்காடும், திட்டத்தில் சேராதோரின் இடைநிலை வருமானம் 36 விழுக்காடும் உயர்ந்ததாகக் காட்டியது. இருமடங்கு வேறுபாடு என்று இதனைப் படிக்கும் ஆர்வம் எழுவது இயல்பு. ஆனால் அறிவூட்டுவது இரண்டாவது எண்தான். எத்திட்டத்திலும் சேராத குடும்பங்களின் வருமானமும் நான்காண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்துள்ளது. 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தம், உழைப்போருக்கான வரிச் சலுகையின் விரிவாக்கம், வேலையின்மை 4 விழுக்காடாகச் சரிந்த வளமான பொருளாதாரம் ஆகியவை அனைவரையும் ஒருங்கே உயர்த்திய காலம் அது. ஒப்பீட்டுக் குழு இன்றி முன்–பின் வருமானத்தை மட்டும் நோக்கியிருந்தால் அவ்வுயர்வு முழுவதும் திட்டத்தின் சாதனையாகவே பதிவாகியிருக்கும்.

எஞ்சிய வேறுபாட்டைத் திட்டத்துக்கு உரியதாக்க இயலுமா? விரும்பிச் சேர்ந்தவரும் சேராதவரும் ஒரே தன்மையினர் எனில் இயலும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன்வருபவர் பெரும்பாலும் படிப்பையோ வேலைமாற்றத்தையோ முன்பே திட்டமிட்டிருப்பவர். அவரது முயற்சி திட்டமின்றியும் பயன் தந்திருக்கக்கூடும். புள்ளியியலார் தேர்வுச் சாய்வு எனக் குறிப்பது இதனையே.

2011இல் வெளியான இரண்டாம் ஆய்வு 14 திட்டங்களைச் சேர்ந்த 181 பங்கேற்பாளர்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நிறைவுசெய்தோரின் சராசரி ஆண்டு வருமானம் 19,902 டாலரிலிருந்து 33,390 டாலராக உயர்ந்தது. சராசரியாக அவர்கள் பெற்ற எஸ்க்ரோ தொகை 5,294 டாலர். திட்டத்தை முன்னிறுத்தும் வெளியீடுகள் எடுத்தாள்வதற்கு மிக ஏற்ற எண்கள் இவை. எனினும் 181 பேரில் நான்காண்டு முடிவில் நிறைவுசெய்தோர் 24 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 43 பேர். 37 விழுக்காட்டினர் நிறைவுசெய்யாமலே வெளியேறியிருந்தனர். 39 விழுக்காட்டினர் அப்போதும் திட்டத்தில் இருந்தனர். மேற்கண்ட வருமான உயர்வு அந்த 43 பேருக்கு உரியது. வேலையில் இருத்தல் நிறைவுக்கான நிபந்தனை என்பதால், நிறைவுசெய்தோர் வேலையில் இருப்பதாகக் கூறுவது விளைவைக் கூறுவதாகாது. நிபந்தனையைத் திருப்பிச் சொல்வதே ஆகும். தேர்வில் வென்றோர் அனைவரும் வென்ற மதிப்பெண் பெற்றனர் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. இவ்வாய்வின் ஆசிரியர்கள் நிறைவுசெய்தோர் தொடக்கத்திலேயே கூடுதல் கல்வியும் வேலைவாய்ப்பும் உடையோராக இருந்ததைச் சுட்டிக்காட்டியுள்ளனர். எடுத்தாள்வோரிடத்தில்தான் அக்குறிப்பு விடுபட்டுவிடுகிறது.

சமவாய்ப்பு ஒதுக்கீடும் நாடளாவிய ஆய்வும்

தேர்வுச் சாய்வை நீக்கும் பொருட்டு, அமெரிக்க வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை எம்.டி.ஆர்.சி. நிறுவனத்திடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தது. ஏழு மாநிலங்களைச் சேர்ந்த 18 வீட்டுவசதி முகமைகளில், திட்டத்தில் சேர விரும்பி முன்வந்த 2,500க்கும் மேற்பட்ட வவுச்சர் குடும்பங்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழு திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மற்றொன்று கட்டுப்பாட்டுக் குழுவாக அமைந்தது.

இம்முறையின் வலிமை இரு குழுவினரும் விண்ணப்பித்தோர் என்பதில் உள்ளது. ஆர்வம், ஊக்கம், திட்டமிடும் பண்பு ஆகியவை இரு பக்கமும் சமமாகப் பரவிவிட்டன. எஞ்சும் வேறுபாடு ஒன்றே: ஒரு பக்கத்துக்குத் திட்டம் கிடைத்தது, மறுபக்கத்துக்குக் கிடைக்கவில்லை. மேலும் கணக்கிடப்பட்டது நிறைவுசெய்தோரின் வருமானம் அன்று. சேர்க்கப்பட்டோர் அனைவரின் வருமானமும். இடையில் விலகியவரும், ஒருங்கிணைப்பாளரை ஒருமுறைகூடச் சந்திக்காதவரும் அச்சராசரிக்குள் அடங்குவர்.

முதல் ஈராண்டுகளில் சேர்க்கப்பட்டோர் வேலைதேடல் உதவியையும் நிதி ஆலோசனையையும் கட்டுப்பாட்டுக் குழுவினரைவிடக் கூடுதலாகப் பயன்படுத்தினர். ஆயினும் ஆறாண்டுகளுக்கு மேலான தொடர்கவனிப்பிலும், வேலையில் இருத்தலிலோ சராசரி உழைப்பு வருமானத்திலோ இரு குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. சேர்க்கப்பட்டோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே திட்டத்தை நிறைவுசெய்து எஸ்க்ரோ தொகையைப் பெற்றனர். திட்டக் குழுவின் வருமானம் காலப்போக்கில் உயரவே செய்தது. கட்டுப்பாட்டுக் குழுவின் வருமானமும் அவ்வாறே உயர்ந்தது. ஒருங்கிணைப்பாளர் தம் எதிரில் கண்ட முன்னேற்றம் பொய்யன்று. திட்டம் இல்லாதபோதும் அது நிகழ்ந்திருக்கும் என்பதே ஆய்வு கூறுவது.

இம்முடிவுக்கு வரம்புகள் உண்டு. உழைப்பு வருமானம் முதலாளிகள் அரசுக்கு அளிக்கும் ஊதியப் பதிவுகளிலிருந்து திரட்டப்பட்டது. வீட்டு வேலை, முடி அலங்காரம், குழந்தை பார்த்தல் எனச் சொந்தமாகவும் ரொக்கமாகவும் ஈட்டுவது அப்பதிவுகளில் இடம்பெறாது. கட்டுப்பாட்டுக் குழுவினர் திட்டத்துக்கு வெளியே வேறு அமைப்புகளின் சேவைகளைப் பெறுவதற்கும் தடையில்லை. எனவே ஒப்பிடப்பட்டது திட்டத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் இடையிலானது அன்று. திட்டத்துக்கும் அந்நகரில் வழக்கமாகக் கிடைப்பனவற்றுக்கும் இடையிலானது.

நியூயார்க்கிலும் மாசசூசெட்சிலும் கண்ட மாறுபாடுகள்

நியூயார்க் நகரில் நிகழ்ந்த ‘வொர்க் ரிவார்ட்ஸ்’ சோதனை, தற்சார்புத் திட்டத்தை மட்டும் ஒரு குழுவுக்கும், அதனுடன் ரொக்க ஊக்கத்தொகையையும் சேர்த்து மற்றொரு குழுவுக்கும் வழங்கிப் பார்த்தது. முழுநேர வேலையைத் தொடர்ந்தவருக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 300 டாலர் கிடைத்தது. திட்டம் மட்டும் பெற்றோரின் வருமானத்தில் உறுதியான விளைவு தென்படவில்லை. ஊக்கத்தொகையும் பெற்றோருள், தொடக்கத்தில் வேலையற்றிருந்தோரின் வேலைவாய்ப்பும் வருமானமும் உயர்ந்தன. உட்குழுக்களில் காணும் விளைவை எச்சரிக்கையுடனே ஏற்கவேண்டும்; எனினும் ஐந்தாண்டுக்குப் பின்வரும் பணத்தினும் இம்மாதம் கைக்கு வரும் பணம் வலிது என்னும் கருத்துக்கு இது துணைநிற்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காம்பஸ் வொர்க்கிங் கேப்பிட்டல் என்னும் தொண்டு நிறுவனம் இதே திட்டத்தை நிதிப் பயிற்றுநர்களைக் கொண்டு நடத்துகிறது. கடன் தரமதிப்பெண், கடன் குறைப்பு, சேமிப்பு ஆகியவற்றில் அது ஊன்றி நிற்கிறது. லின், கேம்பிரிட்ஜ் நகரங்களில் இதனை ஆராய்ந்த ஆப்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, ஒத்த இயல்புடைய பிற குடும்பங்களோடு ஒப்பிடுகையில் பங்கேற்பாளரின் ஆண்டு உழைப்பு வருமானம் 6,305 டாலர் கூடுதலாக உயர்ந்ததாகக் கண்டது.

நாடளாவிய ஆய்வின் சுழியத்தையும் இந்த 6,305 டாலரையும் எவ்வாறு பொருத்துவது? காம்பஸ் நடத்தும் முறை ஏனையவற்றினும் மேம்பட்டது என்பது ஒரு விளக்கம். பயிற்றுநரின் கவனமும் சேமிப்புக் கணக்கை இடைவிடாது நினைவூட்டும் முறையும் அவ்விளக்கத்துக்கு இடம்தருகின்றன. ஒப்பீட்டுக் குழுவினர் வயது, வருமானம், குடும்ப அளவு ஆகியவற்றில் ஒத்திருந்தும் திட்டத்துக்கு விண்ணப்பிக்காதோர் என்பது மற்றொரு விளக்கம். விண்ணப்பிக்கும் உந்துதலை எந்த நிருவாகப் பதிவும் அளப்பதில்லை. கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு இவற்றுள் ஒன்றைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் நாடளாவிய ஆய்வில் விண்ணப்பித்த கட்டுப்பாட்டுக் குழுவினர் திட்டமின்றியே அடைந்த முன்னேற்றம், இரண்டாம் விளக்கத்தின் எடையைக் கூட்டவே செய்கிறது.

குடியிருப்பை அலகாகக் கொண்ட சோதனை

விண்ணப்பித்தோர், விண்ணப்பிக்காதோர் என்னும் சிக்கலையே வேறு வழியில் கடந்தது ‘ஜாப்ஸ் பிளஸ்’. 1998 முதல் 2003 வரை பால்டிமோர், சாட்டனூகா, டேட்டன், லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் பால், சியாட்டில் ஆகிய ஆறு நகரங்களில் அது நடந்தது. இங்குச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை குடும்பங்கள் அல்ல, பொதுக் குடியிருப்புகள். தேர்ந்த குடியிருப்பில் வாழ்ந்த வேலைசெய்யும் வயதினர் அனைவருக்கும் திட்டம் உரியது. அவர்கள் அனைவரின் வருமானமும், சேவையைப் பயன்படுத்தினாலும் இல்லாவிடினும், கணக்கில் சேர்ந்தது.

திட்டத்துக்கு மூன்று கூறுகள் இருந்தன: குடியிருப்புக்குள்ளேயே வேலைவாய்ப்பு மையம், வருமானம் உயர்ந்தாலும் வாடகை அவ்வளவுக்கு உயராதபடி விதிமாற்றம், வேலைச் செய்திகளை அண்டை அயலார் வழியே பரப்பும் சமூகத் துணை. எஸ்க்ரோ முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கு உயர்ந்த வாடகையைச் செலுத்திப் பின்னர் பெறவேண்டும். இங்கு வாடகை உயர்வே தவிர்க்கப்பட்டது. உழைப்பின் பயன் முதல் மாதத்திலேயே கையில் நின்றது.

மூன்று கூறுகளையும் முழுமையாகவும் இடையறாமலும் செயற்படுத்தியவை டேட்டன், லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் பால். ஏழாண்டுத் தொடர்கவனிப்பில் இம்மூன்று நகரங்களின் குடியிருப்பாளர் வருமானம் ஒப்பீட்டுக் குடியிருப்புகளைவிடச் சராசரியாக 16 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 டாலர், கூடுதலாக இருந்தது. சியாட்டிலில் நன்கு தொடங்கிய திட்டம் குடியிருப்பே இடிக்கப்பட்டு மறுசீரமைக்கப்பட்டதால் இடையில் குலைந்தது. பால்டிமோரிலும் சாட்டனூகாவிலும் திட்டம் முழுவடிவம் பெறவில்லை. வருமான விளைவும் இல்லை. ஆண்டுக்கு 1,300 டாலர் என்பது நிறைவுசெய்தோரின் கணக்கில் காணும் 13,000 டாலர் உயர்வுக்கு முன் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முன்னது கதவு எண்ணைக் கொண்டு கணக்கிடப்பட்ட அனைவரின் சராசரி. திட்டத்தால் விளைந்ததென்று உறுதியாகக் கூறத்தக்கது.

வாடகை விதியை மாற்றினாலே போதும் என்னும் முடிவுக்கும் தாவிவிட இயலாது. லெக்சிங்டன், லூயிவில், சான் ஆன்டோனியோ, வாஷிங்டன் ஆகிய நகரங்களில் வருமான மறுகணக்கீட்டை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையாக்கிய வாடகைச் சீர்திருத்தச் சோதனையில் வருமானத்தின்மீது சீரான விளைவு காணப்படவில்லை.

வெளியேறியோரும் இழந்த சேமிப்பும்

மதிப்பீடுகள் பெரிதும் உழைப்பு வருமானத்தையே விளைவாகக் கொண்டுள்ளன. வவுச்சரை விட்டு நீங்குதலைச் சில அறிக்கைகள் வெற்றியாகக் கணக்கிடுகின்றன. வீடு வாங்கி நீங்கியவரும் வாடகை நிலுவையால் வெளியேற்றப்பட்டவரும் அந்த எண்ணுக்குள் ஒன்றாகிவிடுகின்றனர். அதனினும் கவலைக்குரியது, நிறைவுசெய்யாதோரின் எஸ்க்ரோ தொகை எந்த விளைவுப் பட்டியலிலும் இழப்பாக இடம்பெறாமை.

நான்காண்டுகள் வேலைசெய்து, உயர்ந்த வாடகையைத் தவறாது செலுத்தி, ஐந்தாம் ஆண்டில் வேலையிழந்து நல உதவியை நாடிய குடும்பத்தின் கணக்கில் பல்லாயிரம் டாலர் சேர்ந்திருக்கலாம். ஒப்பந்தம் முறிந்ததும் அத்தொகை முகமையிடமே திரும்பிச் சென்றது. நிறைவுசெய்தோரின் சராசரியில் இக்குடும்பம் இல்லை. சேர்க்கப்பட்டோரின் சராசரி வருமானத்தில் அது உண்டு. ஆயினும் அங்கும் இழந்த சேமிப்பு வருமானக் குறைவாகப் பதிவாவதில்லை. மிகவும் தளர்ந்த குடும்பமே மிகுதியாக இழக்கும் இவ்வமைப்பை, ஊக்கமளிக்கும் திட்டம் என்னும் பெயர் மட்டும் நியாயப்படுத்திவிடாது.

2018ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயற்படுத்தி 2022இல் வெளியான இறுதி விதிகள் இதனை ஓரளவு திருத்தின. இழக்கப்படும் தொகையை முகமை தன் பொதுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலாது. திட்டத்தில் நற்பெயருடன் தொடரும் பிற பங்கேற்பாளரின் நலனுக்கே செலவிடவேண்டும். குடும்பத் தலைவர் நிரந்தரமாக உடல்திறன் இழத்தல் போன்ற தக்க காரணங்களால் ஒப்பந்தம் முடிவுற்றால் எஸ்க்ரோ தொகை குடும்பத்துக்கே வழங்கப்படும். குடும்பத் தலைவரேயன்றி வயதுவந்த வேறொருவரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாம். நாடளாவிய ஆய்வின் குடும்பங்கள் பழைய விதிகளின்கீழ்ச் சேர்ந்தவை. ஆதலின் அதன் முடிவை இன்றைய திட்டத்தின்மீது அப்படியே ஏற்றிக் கூறுவதில் தயக்கம் வேண்டும்.

விண்ணப்பமும் ஒப்பந்தமும் இன்றிக் குடியிருப்பாளர் அனைவருக்கும் தாமாகவே சேமிப்புக் கணக்கு தொடங்கி, வேண்டாதோர் மட்டும் விலகிக்கொள்ளும் முறையும் அண்மையில் சோதனைக்கு வந்துள்ளது. அத்துறையின் ‘மூவிங் டு வொர்க்’ விரிவாக்கத்தில் சொத்து உருவாக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் இது இடம்பெற்றுள்ளது. இங்கு நிறைவு என்னும் வாயிற்படி இல்லை. ஆகவே நிறைவுசெய்தோரை மட்டும் எண்ணிக் காட்டும் வழியும் இல்லை.